நிழல் பதிவுகள்

சலவைக்கூடத்துப் பெண்களுக்கு மெதுவாகப் பேச வராது. நாள் முழுக்க உருளை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வேலை முடிந்து வந்து குடியிருப்பின் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் அதே சுருதிதான். ஒருத்தி இன்னொருத்தியின் காதுக்குள் ரகசியம் சொன்னால், மூன்றாம் மாடியில் துணி உலர்த்துகிறவள் அதற்குப் பதில் சொல்வாள்.

அந்த மூன்றாம் மாடியில்தான் இந்தப் பெண் வளர்ந்தாள். அம்மா சலவைக்கூடத்தில் மடிப்புப் பிரிவு. அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, ‘என்னம்மா இவ்வளவு வளர்ந்துட்ட’ என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போவார். ஆகவே பெண்ணுக்குத் தெரிந்த உலகச் செய்தியெல்லாம் மாடிப்படி வழியாக வந்ததுதான். எந்த விடுதியின் விரிப்பில் எப்போதும் மை கொட்டியிருக்கும், எந்த ஆஸ்பத்திரி மூட்டைக்குள் யாருடைய பல்செட்டு வந்தது, எல்லாம் அத்துபடி. ‘நிழல்’ என்ற சொல்லும் அப்படித்தான் காதில் விழுந்தது.

“இன்னைக்கு நிழல் போட்டாச்சா?”

“அதெல்லாம் மத்தியானமே போட்டாச்சு.”

ஐந்து வயதில் அவள் அதைக் குடை என்று நினைத்திருந்தாள். அம்மா வேலை செய்யும் இடத்தில் வெயில் அதிகம் போலிருக்கிறது, மாற்றி மாற்றிக் குடை பிடிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியும் வைத்தாள். விஷயம் புரிந்தபோது பத்து வயது.

மடிப்புப் பிரிவில் பன்னிரண்டு மேசைகள், மேசைக்கு இரண்டு பேர். உருளையிலிருந்து சுடச்சுட வந்து விழும் விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி, நடுவே சேர்த்து, மறுபடியும் சேர்த்து மடிக்க வேண்டும். பத்து விரிப்பு ஒரு கட்டு. கட்டு முடிந்ததும் மேசை ஓரத்திலிருக்கும் சின்னப் பெட்டியில் தன் எண்ணை அமுக்கினால் அது அவள் பேரில் ஏறும். ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது கட்டு. தொடர்ந்து இரண்டு வாரம் அறுபதுக்குக் கீழே இறங்கினால் வேலை இல்லை, பேச்சும் இல்லை.

ஆனால் உடம்பு என்ன இயந்திரமா? ஒருத்திக்குக் காய்ச்சல். ஒருத்தி பிள்ளை பெற்று நாற்பதாம் நாள் வந்து நிற்கிறாள். அப்போது இன்னொரு மேசைக்காரி தான் மடித்த கட்டுக்குத் தன் எண்ணை அமுக்காமல் அவளுடைய எண்ணை அமுக்கிவிடுவாள். அதுதான் நிழல் போடுவது. யார் போட்டார்கள், எத்தனை போட்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அவ்வளவு சத்தமான கூட்டத்தில் சத்தமில்லாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

தரைத்தளத்தில் சாவி அத்தையின் வீடு. அவளும் மடிப்புப் பிரிவுதான், மூன்றாம் மேசை, முப்பத்தொன்றாம் எண். காலை ஏழு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவாள். மற்றவர்கள் ஒன்பது முதல் ஐந்து வரை. அதனால் குடியிருப்பில் பதினோரு வீட்டுச் சாவிகள் அவள் வீட்டுச் சுவரில் ஒரு பலகையில் தொங்கும். எந்த வீட்டுக்காரர் முதலில் வருகிறாரோ அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சாவியோடு ஒரு ரொட்டித் துண்டும், அன்றைக்கு யார் முகம் வாடியிருக்கிறது என்ற விசாரணையும் உண்டு. இரண்டு வருஷமாக அவள் விரல்கள் வீங்கி உள்பக்கமாக வளைந்துவிட்டன. கையை முழுசாக விரிக்கவும் முடியாது, மூடவும் முடியாது. ஆணியில் தொங்கும் சாவியை விரலால் எடுக்க வராமல் மணிக்கட்டால் மேலே தள்ளி, மறு உள்ளங்கையில் விழ வைத்துக் கொடுப்பாள். அந்தக் கையோடு அவள் எப்படி ஒரு நாளைக்கு அறுபது கட்டு மடிக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது?

பெண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது மாடிப்படி முழுக்க அதே பேச்சு.

“என்னடி படிக்கப் போற?”

“டேட்டா சயின்ஸ் அத்தை. கூடவே பிசினஸ் இன்டெலிஜென்ஸ்.”

“டேட்டாவா? போன்ல தீர்ந்து போகுமே, அதுவா?” என்று கேட்டாள் விசில். முன்பல் ஒன்று போனதால் அவள் பேசும்போது சீழ்க்கைச் சத்தம் வரும், ஒன்பதாம் மேசைக்காரி. “ரீசார்ஜ் பண்ண நாலு வருஷம் படிக்கணுமா?”

அன்றிலிருந்து அவளுக்கு டேட்டா என்றே பேர் நிலைத்துவிட்டது. அம்மாவுக்குப் புரியும்படி ஒரு தடவை அவளே விளக்கிப் பார்த்தாள். கம்பெனிகளில் கன்னாபின்னாவென்று பதிவுகள் குவிந்து கிடக்கும்; முதலில் அவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும், அழுக்கை எடுத்துவிட்டு ஒழுங்காக அடுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று படம் போட்டுப் பார்க்கலாம் என்றாள்.

அம்மா உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள்: “அழுக்கு எடுக்கணும், மடிச்சு அடுக்கணும். கடைசியில நீயும் சலவைக்குத்தான் வந்தியா?”

படியில் சொல்லிச் சொல்லி அந்த வாரம் முழுக்கச் சிரித்தார்கள்.

நான்காம் வருஷம் இறுதித் திட்டம் செய்ய வேண்டும். வகுப்பில் ஒருவன் விமான நிறுவனத்தின் தரவைக் கொண்டுவந்தான். ஒருத்தி தன் மாமா வேலை பார்க்கும் வங்கியிலிருந்து கொண்டுவந்தாள். டேட்டாவுக்கு மாமாவும் இல்லை, வங்கியும் இல்லை. முந்தைய பருவத்தில் அவள் செய்ததைப் பேராசிரியர் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரியா இருக்கு. ஆனா இதைப் பார்த்துட்டு யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க” என்று சொல்லியிருந்தார். அது அவளுக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அம்மாதான் போய் மேனேஜரிடம் கேட்டாள். தலைமுடியை ஈரக்கையால் அழுத்தி வாரிக்கொண்டு, உணவு இடைவேளையில் மாடி ஏறி, “என் பொண்ணு யுனிவர்சிட்டியில படிக்கிறா சார்” என்று ஆரம்பித்து. மேனேஜர் நல்ல மனிதர்தான். அன்றாடக் கூட்டுத்தொகையைத் தவிர அந்தப் பெட்டிகள் வேறென்ன சேமித்து வைக்கின்றன என்று அவருக்கே தெரியாது. நாலு வருஷப் பதிவை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அம்மா அதைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள்.

பல்கலைக்கழகத்தின் கணினிக்கூடம் குளிரும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். மேசை எண், ஆள் எண், மணி, நிமிஷம், அவ்வளவுதான் பதிவு. மூன்றாம் நாள் அது கண்ணில் பட்டது. முப்பத்தொன்றாம் எண் ஒரே நிமிஷத்தில் மூன்றாம் மேசையிலும் ஒன்பதாம் மேசையிலும் கட்டு முடித்திருந்தது. இன்னொரு நாள் மாலை நாலு பத்துக்கு ஏழாம் மேசையில். நாலு பத்துக்கு சாவி அத்தை கீழ் வீட்டில் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று இவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

தெரியாமல் செய்துவிட்டாள் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். அது உண்மையில்லை. அந்த நிமிஷமே அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் தெரிந்ததற்கு முன்னால் ஒரு சந்தோஷம் முந்திக்கொண்டது. நாலு வருஷம், பதினேழு லட்சத்துச் சொச்சம் பதிவுகள். அதற்குள் இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது, அதைத் தான் ஒருத்திதான் கண்டுபிடித்திருக்கிறோம் என்ற சந்தோஷம். ஆள் பேர் எங்கேயும் இல்லை, வெறும் எண்கள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே இருக்கிறவர்கள் ஒரு மாணவியின் படத்தைப் பார்த்துவிட்டுக் கைதட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான் என்றும் சொல்லிக்கொண்டாள். அவள் புத்திசாலிப் பெண், சொல்லிக்கொள்ள வார்த்தைக்கா பஞ்சம்!

கட்டம் கட்டமாக ஒரு நாட்காட்டி வரைந்தாள். நாளுக்கு ஒரு சதுரம். ஒருவர் எண் வேறு மேசையில் ஏறிய நாட்கள் சிவப்பு. எத்தனை கட்டோ அத்தனை அழுத்தமான சிவப்பு. சதுரத்தைத் தொட்டால் அன்றைய கட்டுகள் மேசைவாரியாகப் புள்ளி புள்ளியாக விரியும். நாலு வருஷமும் திரையில் வந்து நின்றபோது, எல்லாவற்றையும்விட ஒரு சதுரம் கருஞ்சிவப்பாக இருந்தது. ஒரு புதன்கிழமை. தொட்டாள். இருபத்திரண்டாம் எண், ஆறு மேசைகளிலிருந்து, காலை ஒன்பதே முக்காலிலிருந்து மாலை நாலு மணி வரை.

இருபத்திரண்டு அம்மாவின் எண்.

அந்தப் புதன்கிழமை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் சேர்வதற்குக் கடைசி நாள். பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்கு அந்த மாதம் விடுப்பு பாக்கியில்லை. காலையில் வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூட்டை ஏற்றும் பின்கதவு வழியாக விரிப்பு வண்டியில் ஏறி வந்துவிட்டாள். மேல்கோட்டுக்குள்ளே சலவைக்கூடத்து உடுப்பு. வரிசையில் மூன்று மணி நேரம் நின்றார்கள். அம்மாமேல் நீராவி வாசம் அடிக்கிறதே என்று அவள் அன்றைக்கு ஒரு அடி தள்ளி நின்றாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு அம்மாவின் கட்டுகளில் பாதிக்கு மேல் மூன்றாம் மேசையிலிருந்து ஏறியிருந்தன. அதாவது சாவி அத்தை போட்டது. அந்த நாளில் முப்பத்தொன்றாம் எண்ணுக்குச் சொந்தமாக இருபத்தேழு கட்டுதான்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கணினிக்கூடத்தில் யாரும் இல்லை. அந்த ஒரு நாளை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்கினாள். எதை நீக்கினாலும் காரணம் எழுத வேண்டும் என்பது பேராசிரியரின் விதி. காரணம் என்ற இடத்தில் ‘கருவிக் கோளாறு’ என்று தட்டினாள். கருஞ்சிவப்பு போய்ச் சதுரம் வெள்ளையாயிற்று. மீதிச் சிவப்புகளை அப்படியே விட்டாள்.

கடைசியில் அந்தப் பதிவுகளுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. மென்பொருள் தானாக ‘குழு நான்கு’ என்று போட்டிருந்தது. பேர் நன்றாக இருந்தால் பாதி மதிப்பெண் என்று பேராசிரியர் சொல்வார். ரொம்ப யோசிக்கவெல்லாம் இல்லை. கை தானாகவே ‘நிழல் பதிவுகள்’ என்று தட்டியது. வாசித்துப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது.

விளக்கவுரை ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. தரவு கொடுத்த நிறுவனங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். சலவைக்கூடத்து மேனேஜர் இஸ்திரி போட்ட சட்டையோடு மூன்றாம் வரிசையில். அவள் பேசினாள், நன்றாகவே பேசினாள். நாட்காட்டி திரையில் விரிந்தபோது பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

மேனேஜர் கை தூக்கினார். “நல்லா பண்ணியிருக்கீங்கம்மா. எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பெட்டியெல்லாம் பழசு. ஈரத்துல எண் மாறி மாறி விழும். இது மெஷின் கோளாறா இருக்கலாம்ல?”

அவர் தெரியாமல் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ‘இருக்கலாம் சார்’ என்று இரண்டே சொல். அவள் வாயிலும் அது வந்தது. பேராசிரியர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைங்க சார். மெஷின் கோளாறுன்னா எல்லா எண்ணும் ஒரே மாதிரி சிதறணும். இங்க அறுபதுக்குக் கீழ போற ஆளுக்கு மட்டும்தான் வந்து சேருது. அறுபது ஆனதும் நின்னுடுது. இது தற்செயல் இல்லை.”

அரங்கத்தில் ஒரு சலசலப்பு. மேனேஜர் திரையைப் பார்த்தார், தலைப்பைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

“நிழலா?” என்றார். “இந்த வார்த்தையை எங்கேர்ந்து எடுத்தீங்க? எங்க பொம்பளைங்க எந்நேரமும் நிழல் போட்டியா, நிழல் போட்டியான்னு கத்திக்கிட்டே இருப்பாங்க. ஜன்னல் பக்கம் வெயில் அடிக்குது போலன்னு நான் ரெண்டு தடவை திரைச்சீலை மாத்திக் கொடுத்தேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் சட்டென்று நிறுத்திக்கொண்டார். மேடையில் நின்றவள் அவசரமாக அடுத்த படத்துக்குப் போனாள். அந்த ஆண்டின் சிறந்த திட்டம் அவளுடையது என்று பேராசிரியர் அறிவித்தபோது மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை அம்மா வீட்டுக்கு வந்தபோது படியில் பேச்சுச் சத்தமே இல்லை. டீ டம்ளர் சத்தம்கூட இல்லை. அம்மா உள்ளே வந்து, கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அந்தச் சொல்லை எதுக்குடி போட்ட?”

மெதுவாகக் கேட்டாள். அம்மா மெதுவாகப் பேசி அவள் அதுவரை கேட்டதே இல்லை. வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

“நீங்க பேசுறதுதானேம்மா. நான் ஒண்ணும் புதுசா...”

“நாங்க பேசுறது படிக்கட்டுலடி.”

“யார் பேரும் நான் போடலை. வெறும் நம்பர்தான்.”

“நம்பர்தான். முப்பத்தொண்ணு யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா? சட்டையில குத்திக்கிட்டுத்தானே நிக்கிறோம்.”

நடந்ததை அம்மா துண்டு துண்டாகச் சொன்னாள். காலையில் உருளைகளை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதும் காதெல்லாம் அடைத்துப் போயிற்று. இனிமேல் எண் கிடையாது, பெருவிரல் ரேகைதான் என்று மேனேஜர் சொன்னார். அப்புறம், முப்பத்தொன்றுக்கு யார் யார் போட்டீர்கள் என்று கேட்டார். மேசை எண்ணெல்லாம் காகிதத்தில் இருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அப்ப சாவி அக்கா முன்னாடி வந்தா. ‘யாரும் போடல சார். அவங்க தண்ணி குடிக்கப் போறப்ப நான் மேசை மேசையாப் போய் என் நம்பரை அமுக்கினேன். நான் திருடுனேன்’னு சொன்னா. பொய்யின்னு அவருக்கும் தெரியும். மூணு மணிக்கு மேல எங்கேர்ந்து வந்து அமுக்குவா? ஆனா அவருக்கும் யாராவது ஒருத்தர் வேணுமே. பதினேழு வருஷம். ஒரு பையில செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் போட்டுக் கொடுத்து அனுப்பிட்டாங்க.”

பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். 

“மத்தியானம் என் பெஞ்சுல யாரும் உட்காரல. விசில் போற போக்குல சொல்லிட்டுப் போறா, உன் பொண்ணு படிச்சா, பரீட்சை எங்களுக்கு வெச்சுட்டாங்கன்னு.” அம்மா கண்ணைத் துடைத்தாள். “மத்த நாளையெல்லாம் ஒண்ணொண்ணாக் கேட்டாரு. நம்ம புதன்கிழமையைப் பத்தி மட்டும் ஒண்ணும் கேக்கல. அது எப்படி விட்டாரோ, எனக்கு விளங்கல. நல்லவேளைன்னு நினைச்சேன். நினைச்சது எனக்கே அசிங்கமா இருக்கு.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் சாவி வாங்கப் போகவில்லை. அம்மா வரும்வரை பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். துறையின் நுழைவாயிலில் அவளுடைய புகைப்படம் மாட்டியிருந்தார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் கைபேசியை எடுத்துப் பார்ப்பது போல் பாவனை செய்தாள். வியாழக்கிழமை பேராசிரியரிடமிருந்து செய்தி வந்தது: ‘நிறுவனம் புது முறைக்கு மாறிவிட்டதாம். நிழல் பதிவுகள் பூஜ்யம்! அறிக்கையில் ஒரு முன்-பின் வரைபடம் சேர்த்துவிடு. ரொம்ப வலுவாக இருக்கும்.’ ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு அவள் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள், திரும்ப வந்து, திரும்பவும் போய்க் கழுவினாள்.

சனிக்கிழமை மழை. நூலகம் மதியத்தோடு மூடிவிட்டார்கள். அம்மாவுக்கு வேலை நாள். நனைந்துகொண்டு எங்கேதான் போவது? தரைத்தளத்துக் கதவைத் தட்டினாள்.

“வாடி டேட்டா. எத்தனை நாளா ஆளையே காணோம். துண்டு அங்க இருக்கு, தலையைத் துவட்டு.”

திட்டுவாள், குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பயந்து வந்தவளுக்கு அந்தத் துண்டுதான் முதல் அடி. சலவைக்கூடத்து மடிப்பில் மடித்த துண்டு. மேசைமேல் நறுக்கிப் பாதியில் விட்ட வெங்காயம், கத்தியின் பிடியில் துணி சுற்றியிருந்தது.

“அத்தை, நான் வந்து...”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். படிக்கிற புள்ள. உனக்கு என்ன தெரியும்? வாத்தியாரு கேட்டாரு, நீ போட்ட. எல்லார்கிட்டயும் நான் அதான் சொல்லிட்டிருக்கேன். விசில்கிட்ட கூட ஆள் விட்டுச் சொன்னேன்.” அத்தை எதிரில் வந்து உட்கார்ந்தாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ போட்ட படத்தை எனக்குக் காட்டுவியா? ஊரே பாத்தாச்சு. நான் பாக்கலியே.”

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். சிவப்புச் சதுரத்தைத் தொட்டதும் புள்ளிகள் விரிந்தன.

“ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டா?”

“ஆமா அத்தை.”

“இது எந்த மேசை?”

“நாலு.”

“அது உங்க மாடிக்காரி. தெரியும். இது?”

“ஏழு.”

“ஏழா? அவங்ககூட நான் ரெண்டு வார்த்தை பேசினதில்லையே.” அத்தையின் குரல் கொஞ்சம் இறங்கியது. “நம்ம படிக்கட்டு ஆளுங்க மூணு நாலு பேரு போடுறாங்கன்னுதான் நினைச்சேன். இது எது, இவ்வளவு புள்ளி?”

“ஒன்பது.”

“ஒன்பது விசில்டி. யார் மேசைப் பக்கம் ஃபேனைத் திருப்புறதுன்னு சண்டை போட்டதுக்கு அப்புறம் ஆறு வருஷமா அவ என் மூஞ்சியில முழிக்கிறதில்லை.” அத்தை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “எல்லாத்தையும்விட அதிகமா அவதான் போட்டிருக்கா. பாரேன், பாவி. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, தினமும்.”

கண்ணாடியைக் கழற்றிப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது, இரண்டும் இருந்தது. பெண்ணுக்கு இந்தப் படத்தை இப்படி ஒருவர் படிக்க முடியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று மாதம் இதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

“எல்லாரும் எனக்குப் போட்டது இருக்கு,” என்றாள் அத்தை. “நானும் போட்டிருக்கேன்டி. கை நல்லா இருந்தப்ப நான் போடாத ஆளே கிடையாது. அதையும் கொஞ்சம் காட்டு. நீ காலேஜ்ல சேர்ந்தியே, அந்த மாசத்துக்குப் போ. அன்னைக்கு உங்கம்மாவுக்கு முப்பத்தாறு கட்டு போட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கு, அதுக்கப்புறம் அப்படி என்னால முடியல. என் புள்ளியும் எப்படி இருக்குன்னு பாக்கிறேன்.”

பெண்ணின் விரல் அந்த மாதத்துக்குப் போனது. போகாமல் எங்கே போகும்?

அத்தை சதுரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். வளைந்த விரல் ஒரு வெள்ளைச் சதுரத்தில் நின்றது.

“செவ்வாய் இருக்கு. வியாழன் இருக்கு. புதன் எங்கடி?”

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

“கம்ப்யூட்டர்ல விட்டுப் போச்சா? மெஷின்தானே, எங்கயாவது விடத்தான் செய்யும்.”

மறுபடியும் அதே கதவு. இந்தத் தடவை திறந்து பிடித்துக்கொண்டு நின்றது சாவி அத்தை.

“விட்டுப் போகல அத்தை,” என்றாள். “நான்தான் எடுத்தேன்.”

“ஏன்?”

“அம்மா நம்பர் வந்துச்சு.”

அத்தை கண்ணாடியை மடித்து மேசையில் வைத்தாள். வெங்காயத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தாள்.

“அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றாள் கடைசியில். கோபமே இல்லை குரலில். “தெரியாமப் பண்ணிட்டான்னு நான் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறேன்.”

“அத்தை...”

அத்தை எழுந்து பலகைக்குப் போனாள். மூன்றாம் மாடிச் சாவியை மணிக்கட்டால் மேலே தள்ளி, மறு உள்ளங்கையில் விழ வைத்தாள். கொண்டுவந்து மேசையில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை.

“இதை இனிமே நீங்களே வெச்சுக்கோங்க. நான் வீட்டுல இருக்கேனோ, இல்லையோ.”

வேலை போன பிறகு அவள் அந்த வீட்டை விட்டு வேறெங்கும் போவதில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

பெண் மாடியேறினாள். விளக்குகூடப் போடாமல், ஈரத்துணியை மாற்றாமல், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தரை மணிக்கு அம்மாவின் குரல் கீழே கேட்டது. “அக்கா, சாவி!” மூன்றாம் மாடி வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அத்தை என்ன பதில் சொன்னாள் என்பது கேட்கவில்லை. அவளும் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா படியேறி வரும் சத்தம். பாதிப் படியிலேயே பேச்சை ஆரம்பித்துவிடுகிறவள், அன்றைக்கு ஆரம்பிக்கவில்லை.

கதவைத் திறந்தாள். அம்மா நனைந்த கோட்டோடு வாசலிலேயே நின்றாள்.

“புதன்கிழமையை நீதான் எடுத்தியா?”

“ஆமாம்மா.”

“எனக்காகவா?”

அவள் தலையாட்டினாள்.

“நான் கேட்டேனாடி?”

பெண் சாவியை நீட்டினாள். அம்மா அதை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள், எங்கே வைப்பது என்று சுவரைச் சுற்றிப் பார்த்தாள். பதினேழு வருஷமாக அந்த வீட்டுச் சாவி அந்த வீட்டில் தங்கியதே இல்லை. மாட்டுவதற்கு ஓர் ஆணிகூட அங்கே இல்லை. அம்மா சாவியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.